சுவரில் பதினான்கு குதிரைகள்

பிப்ரவரி 4

மச்சானுக்கு,

கிளினிக்கில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெளியே ஒரு நாயும் இரண்டு பூனைகளும் காத்திருக்கின்றன. காத்திருக்கட்டும். போனில் பேசலாம்தான். ஆனால் உனக்கு ஒரு காது கேட்காது, இன்னொரு காது உனக்குப் பிடித்ததை மட்டும்தான் கேட்கும். நான் கத்த வேண்டிவரும். உன் அக்கா பக்கத்து அறையிலேயே இருப்பாள். நீயும் பதிலை வீட்டுக்கு அனுப்பித் தொலைக்காதே, கிளினிக் முகவரிக்கு அனுப்பு.

நேற்று ஒரு விஷயம் நடந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பழைய குதிரைப் படங்கள் சேர்க்கிற பைத்தியங்கள் இந்த ஊரில் என்னையும் சேர்த்து ஒன்பது பேர். அடுத்த மாதம் ஒரு கண்காட்சி வைப்பதாக இருக்கிறோம். எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் இருக்கும் பதினான்கையும் கொண்டுவரச் சொல்லி ஓய்வுபெற்ற நீதிபதி காலில் விழாத குறை. பதினான்கும் நீ கொண்டுவந்து கொடுத்தவை. இருநூறு வருடப் பழைய அச்சு, ஒவ்வொன்றும் கையால் வண்ணம் தீட்டியது. இப்படி ஒரு தொகுப்பு வேறு எவனிடமும் இல்லை என்று நான் எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும்.

துடைப்பதற்காகச் சாம்பல் நிறப் பெண்குதிரையை இறக்கினேன். கை வழுக்கிவிட்டது. சட்டம் தரையில் விழுந்து, கண்ணாடி மூலைக்கு மூலை விரிந்துவிட்டது.

நீ சட்டம் போட்டுக் கொடுத்த அன்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பின்னாடி ஒட்டியிருக்கிற பிரவுன் பேப்பரை மட்டும் பிரிச்சுடாதீங்க அத்தான். காத்து பட்டா ஒரே மாசத்துல கலர் செத்துடும்." இருபத்தைந்து வருடம் உன் பேச்சைக் கேட்டு நடந்தேன். நேற்று வேறு வழியில்லை, விட்டால் கண்ணாடிச் சில் காகிதத்தைக் கிழித்துவிடும். பிரித்தேன். படத்தைச் சுற்றி நீ அகலமாக வெட்டி வைத்திருந்த மவுண்ட் அட்டையைத் தூக்கினேன்.

இடது ஓரத்தில் ஐந்து ஓட்டைகள், ஒரே நேர்கோட்டில். ஊசி ஏறின ஓட்டைகள். உன் பட்டறையில் நீ புத்தகம் தைப்பதை மணிக்கணக்காக வேடிக்கை பார்த்தவன் நான். அது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தனிப் படமாக அச்சடித்து விற்றதில் அந்த ஓட்டை இருக்காது. புத்தகத்தில் இருந்த படத்தில்தான் இருக்கும்.

கீழ் மூலையில் கட்டைவிரலுக்கு ஏதோ தட்டுப்பட்டது. குதிரைக் கால் நரம்பைத் தடவியே வீக்கத்தைக் கண்டுபிடிக்கிற விரல் இது. மை இல்லாமல் அழுத்திய முத்திரை. சும்மா பார்த்தால் தெரியாது. கூடத்து ஜன்னல் திரையை உன் அக்கா எப்போதும் மூடியே வைத்திருப்பாள், திறந்தால் சண்டைக்கு வருவாள். அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் திரையை விலக்கி, வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஒரு வட்டம். அதற்குள் எழுத்து. நகர நூலகம், பழைய நூல் பிரிவு.

உன் அக்கா பதினைந்து வருடம் பொறுப்பாளராக இருந்த பிரிவு. பழைய புத்தகங்களில் படங்கள் காணோம் என்று விசாரணை வைத்து, அவளிடம் ராஜினாமா எழுதி வாங்கின இடம். என்ன புத்தகம், என்ன படம் என்று அவள் என்னிடம் வாய் திறந்ததே இல்லை. நானும் ஆறாத புண்ணை நோண்ட வேண்டாம் என்று கேட்டதில்லை. அந்த நூலகத்துப் படம் ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இத்தனை வருடம் தொங்கியிருக்கிறது.

பழைய காகிதக் கடையில் கிடைத்ததாகச் சொன்னாய். எவனோ உன் தலையில் கட்டியிருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். அப்படித்தானே? எந்தக் கடை, எந்த ஆள் என்று உடனே எழுது. மற்ற பதின்மூன்றை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்கப் பயமாக இருக்கிறது.

உன் அத்தான்


பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே மகள் வீட்டில் எல்லோரும் சுகம். எனக்குத்தான் கை நடுக்கம் கூடிவிட்டது, கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். டீ டம்ளர் வாய்க்கு வருவதற்குள் பாதி டீ சட்டைக்குப் போய்விடுகிறது. கண்ணாடி உடைந்தபோது உங்கள் கையில் காலில் எதுவும் குத்தவில்லையே? அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை நீங்கள்.

கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒன்றுமில்லாததற்கு மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். நூலகங்கள் பழைய புத்தகங்களைக் கழித்துக் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். பூச்சி அரித்தது, நனைந்தது என்று மூட்டை மூட்டையாக எடைக்குப் போடுவார்கள். அதில் நாலைந்து நல்ல படம் தப்பியிருக்கும். மார்க்கெட்டுக்குப் பின்னால் தாடிக்காரர் ஒருவர் கடை வைத்திருந்தாரே, அவரிடம் வாங்கியதுதான். பாவம், அவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. கடையும் இப்போது இல்லை.

யோசித்துப் பார்த்தால் முத்திரை இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான். அசல் பழசு என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும். நீதிபதி ஐயாவிடம்கூடக் காட்டலாம். இல்லை, காட்ட வேண்டாம். எதற்கு வீண் வம்பு.

மற்றதைத் தயவுசெய்து பிரிக்காதீர்கள். அந்தக் காலத்துப் பசை, இழுத்தால் காகிதத்தையும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். உடைந்ததை மட்டும் எனக்குப் பார்சல் செய்யுங்கள். புதுக் கண்ணாடி மாட்டி, பழையபடி ஒட்டி அனுப்பிவைக்கிறேன்.

அக்காவிடம் எதுவும் சொல்லவில்லையே? சொல்லாதீர்கள். அந்த இடத்தின் பேரைக் கேட்டாலே அவளுக்கு மனசு கெட்டுவிடும்.

உங்கள் அன்புள்ள மைத்துனன்


பிப்ரவரி 13

மச்சான்,

டீ டம்ளரைப் பிடிக்க முடியாத கை கண்ணாடியை எப்படி மாட்டும்? பொய் சொல்வதற்கும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். ஒரே கடிதத்தின் மேல் பாதியில் கை நடுங்குகிறது, கீழ்ப் பாதியில் சரியாகிவிடுகிறது.

உன் அக்கா கண் டாக்டரிடம் போயிருந்தபோது பதின்மூன்றையும் பிரித்தேன். பசை எதையும் பிடுங்கவில்லை. பதின்மூன்றிலும் ஐந்து ஐந்து ஓட்டைகள், பதின்மூன்றிலும் அதே முத்திரை. பிரவுன் பேப்பரை மறுபடி ஒட்டி, எல்லாவற்றையும் பழைய இடத்தில் மாட்டிவிட்டேன். கண்ணாடி உடைந்தது சட்டம் போடுகிற கடையில் இருப்பதாக உன் அக்காவிடம் சொல்லிவிட்டு, அலமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். என் வீட்டில் நானே திருடன் மாதிரி நடமாட வேண்டியிருக்கிறது.

நேற்று நூலகத்துக்குப் போனேன். அங்கே நான் கால் வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. பழைய நூல் பிரிவில் இப்போது ஒரு சின்னப் பெண் பொறுப்பாளராக இருக்கிறாள். குதிரைகளைப் பற்றிய பழைய புத்தகம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். நான்கு பாகங்களைத் தூக்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். பழுப்புத் தோல் அட்டை. முதுகின் மேல் விளிம்பில் சிவப்பும் மஞ்சளும் மாற்றி மாற்றிச் சுற்றின நூல். அந்த மாதிரி சுற்றுகிறவன் ஒருத்தன்தான், அது நீ.

முதல் பாகத்தின் உள்ளட்டையில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. "பட்டியலில் உள்ள படங்களில் பதினான்கு இந்நூல்களில் இல்லை." உன் அக்காவின் கையெழுத்து. வேலையை விடும்போது எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறாள். கடைசியில் இருந்த படப் பட்டியலில் பதினான்கு பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சில் புள்ளி. சாம்பல் நிறப் பெண்குதிரை. லாடம் அடிப்பவர். தபால் வண்டியின் நான்கு குதிரைகள். நான்கு கால்களையும் நீட்டிக்கொண்டு பாயும் கறுப்புக் குதிரை, எந்தக் குதிரையும் இப்படி ஓடினால் வயிறு தரையில் மோதும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேனே, அதுவும் இருந்தது. ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்து மறுபடி படித்தேன். "ஐயா, தண்ணி வேணுமா" என்று அந்தப் பெண் கேட்டாள்.

பைண்டிங் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்தேன். நான்கு பாகங்களும் ஆறு வருடங்களில் பலமுறை தைக்கவும் அட்டை மாற்றவும் போயிருக்கின்றன, எல்லாம் உன் பட்டறைக்கு. திரும்பி வந்த ஒவ்வொரு முறையும் "பக்கங்களும் படங்களும் எண்ணப்பட்டன, சரி" என்ற வரிக்குக் கீழே உன் அக்கா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எண்ணியிருக்கவே மாட்டாள். தம்பி கட்டிக் கொடுத்ததை எண்ணிப் பார்ப்பது அவளுக்குக் கேவலமாகத் தோன்றியிருக்கும். வேறு யார் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு தாளாகப் புரட்டியிருப்பாள். அந்தக் கையெழுத்தை வைத்துத்தான் அவளை வெளியே அனுப்பினார்கள்.

அவள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்த அன்று நீ வீட்டுக்கு வந்தாய். எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாய். "மனசாட்சி இல்லாதவங்கக்கா அவங்க" என்று விசாரணைக் குழுவைத் திட்டினாய். உன் நாற்காலிக்குப் பின்னால் அந்தப் பதினான்கும் தொங்கிக்கொண்டிருந்தன.

எடுத்தாயா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் எழுது. தாடிக்காரரைத் தொந்தரவு செய்யாதே.


பிப்ரவரி 20

அத்தானுக்கு,

எடுத்தேன்.

ஒரு வார்த்தை போதும் என்றீர்கள். ஆனால் முதல் படத்தை மட்டும் நான் வேண்டுமென்று எடுக்கவில்லை, அதைச் சொல்ல அனுமதி கொடுங்கள். முதல் பாகம் தையல் விட்டு வந்திருந்தது. பிரிக்கும்போது சாம்பல் நிறப் பெண்குதிரை தானாகக் கழன்று, பலகைக்கு அடியில் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை. தைத்து, அட்டை போட்டு, புத்தகம் திரும்பிப் போய் நாலு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது. மறுநாள் கொண்டுபோய் அக்காவிடம் கொடுக்கலாம் என்று இருந்தேன். அன்று சாயந்திரம் உங்கள் கல்யாண நாள். கையில் கொடுக்க ஒன்றுமில்லை. ஒரு நாள்தானே என்று சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்காது. அதுவரைக்கும் உங்கள் வீட்டில் எனக்குப் பசைக்கை என்று பேர். வருகிறவர்களிடம் "இவளுக்கு ஒரு தம்பி, எங்கேயோ உக்காந்து எதையோ ஒட்டிக்கிட்டிருக்கான்" என்பீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அன்று நீங்கள் படத்தைக் கையில் வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனீர்கள். ரொம்ப நேரம் பார்த்தீர்கள். அப்புறம் என் தோளில் கையைப் போட்டு, கூடம் நிறைந்த ஆட்களிடம் சொன்னீர்கள், "என் மச்சானுக்குக் கண்ணு இருக்குய்யா. நம்ம யாருக்கும் இல்லாத கண்ணு." என் வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. அப்புறம் எப்படித் திருப்பி வாங்குவேன்?

உங்கள் மேல் பழி போடவில்லை. அந்த ஒரு வார்த்தையை மறுபடி கேட்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவதைக் கத்தி வைத்து எடுத்தேன். அதற்கப்புறம் பழகிவிட்டது. ஓட்டையும் முத்திரையும் தெரியக்கூடாது என்று மவுண்ட் அட்டையை அகலமாக வெட்டினேன். காற்று பட்டால் நிறம் போகும் என்றதும் அதற்காகத்தான். நிறத்தைக் கொல்வது காற்று இல்லை, வெயில்.

விசாரணை நடந்தபோது தினமும் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு சொல்லிவிடக் கிளம்புவேன். தெருமுனை தாண்டக் கால் வராது. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம் அது. நான் உள்ளே போனால் அது நின்றுபோயிருக்கும்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். இங்கே வந்து அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அக்காவிடம் மட்டும் சொல்லாதீர்கள். அவள் தாங்கமாட்டாள்.


பிப்ரவரி 24

மச்சான்,

உன் கடிதத்தை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டி வைத்தேன். ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் எடுத்துப் படித்தேன். ஒரு நாய்க்குப் போட வேண்டிய ஊசியை இன்னொரு நாய்க்குப் போடப் போய், கம்பவுண்டர் கையைப் பிடித்து நிறுத்தினார். நாற்பது வருடத்தில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

பசைக்கை என்று சொன்னது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். அதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோபத்தை என்மேல் காட்டியிருக்க வேண்டும். ஒன்றும் அறியாத உன் அக்கா ஏன் வேலையையும் பேரையும் இழந்தாள்?

அவள் இழந்தது உனக்குத் தெரியாது, நீதான் வேறு ஊருக்குப் போய்விட்டாயே. அந்த நாளுக்கு அப்புறம் அவள் ஒரு புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. வீட்டில் இருந்த இரண்டு அலமாரிப் புத்தகத்தையும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். செய்தித்தாள் மட்டும் படிப்பாள், அதுவும் நின்றுகொண்டே. கூட வேலை பார்த்தவர்களைத் தெருவில் கண்டால் எதிர்ப் பக்கம் மாறிப் போய்விடுவாள்.

இன்னொன்றும் இப்போது நினைவுக்கு வருகிறது. விசாரணை நடக்கும்போது நான் அவளிடம் சொன்னேன், "குழுத் தலைவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுறேன். நம்ம குதிரைப் படங்களைப் பார்த்தா மனுஷன் மயங்கிடுவார். பக்குவமா எடுத்துச் சொல்லலாம்." அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆளை நம்ம வாசப்படி ஏத்தாதீங்க. இந்த விஷயத்துல நீங்க ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றாள். ரோஷக்காரி, யார் சிபாரிசும் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தேன். நான் மட்டும் கூப்பிட்டிருந்தால் அந்த ஆள் நேரே திருட்டுச் சொத்துக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்.

கண்காட்சிக்கு வரவில்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டேன். படங்கள் நூலகத்துக்குப் போகின்றன. நடந்ததை நடந்தபடி உன் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. வருகிற மார்ச் ஏழாம் தேதி உன் அக்காவிடம் சொல்லப்போகிறேன். அவள் பேர் சுத்தமாக வேண்டும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம்.


பிப்ரவரி 28

அத்தானுக்கு,

நீங்கள் கேட்டபடி எழுதி, கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நூலகத்தில் கொடுங்கள். போலீசில் கொடுத்தாலும் சரி. இந்த வயதில் எனக்கு வீட்டுச் சாப்பாடானால் என்ன, ஜெயில் சாப்பாடானால் என்ன.

ஆனால் அக்கா விஷயம். மறுபடி கேட்கிறேன் என்று கோபப்படாதீர்கள். யாரோ ஒரு படம் சேர்ப்பவர் வீட்டில் பதினான்கும் கிடைத்ததாக அவளிடம் சொல்லுங்கள். ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லுங்கள். அவள் பேர் சுத்தமாகிவிடும், மனசும் கெடாது. அந்த நேரத்தில் அவள் என்ன நினைத்தாளோ, எதை நம்பினாளோ, எல்லாம் ஆறிப்போனது. கிளறினால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மனஸ்தாபம் வரும். பதற்றத்தில் யார் யாரோ என்னென்னவோ உளறியிருப்போம். அதையெல்லாம் இப்போது பெரிதாக எடுத்துக்கொண்டால் எப்படி?

உங்கள் காலைப் பிடித்துக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.


மார்ச் 8

நேற்று மத்தியானம் சொன்னேன்.

உன் அக்கா சாப்பாட்டு மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நீ எழுதிக் கொடுத்ததை அவள் முன்னால் வைத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தேன். அவள் அழவில்லை. என்னை ஏறிட்டுப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப நீங்க கேக்கலையா?"

"என்னத்தைக் கேக்கலை?"

"இந்தப் படங்களை. எடுத்துக் கொடுன்னு நீங்க அவனைக் கேக்கலையா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் எதற்குக் கேட்கிறேன் என்றேன். அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். அப்புறம் சொன்னாள்.

"விசாரணையில லிஸ்ட்டை வாசிச்சாங்க. சாம்பல் நிறப் பெண்குதிரைன்னதும் எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பதினாலும் நம்ம கூடத்துல இருக்கு. அன்னிக்கு நேரா தம்பி பட்டறைக்குத்தான் போனேன். ஏண்டா எடுத்தேன்னு கேட்டேன். அத்தான் ரொம்ப ஆசைப்பட்டுக் கேட்டார், என்னால மறுக்க முடியலைன்னு சொன்னான்."

என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா ஆமான்னு சொல்லிடுவீங்களோன்னு பயம். சொல்லிட்டா அதுக்கப்புறம் உங்ககூட எப்படிக் குடித்தனம் பண்றது?"

பத்தொன்பது வருடம். நான் திருடன் என்று நம்பிக்கொண்டு என்னோடு வாழ்ந்திருக்கிறாள். எனக்காகத்தான் வாய் திறக்காமல் ராஜினாமா எழுதியிருக்கிறாள். குழுத் தலைவரைக் கூப்பிட வேண்டாம் என்று மணிக்கட்டைப் பிடித்தது என்னைக் காப்பாற்றுவதற்கு. நான் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, இப்படி ஒரு தொகுப்பு வேறு எவனிடமும் இல்லை என்று வருகிறவர்களிடம் மார்தட்டும்போதெல்லாம், தட்டில் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். வெட்கம் கெட்ட மனுஷன் என்று எத்தனை தடவை நினைத்திருப்பாளோ. அவளுக்குக் குதிரை என்றாலே பிடிக்காது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தத் திரையைப் பற்றியும் கேட்டேன். பட்டறையிலிருந்து திரும்பி வந்த சாயந்திரம்தான் முதல்முறை மூடினாளாம். அன்றிலிருந்து திறக்கவிட்டதில்லை. "அது நூலகத்துச் சொத்து. வெயில் பட்டா கலர் போயிடும். என்னிக்காவது ஒரு நாள் அங்கே திரும்பிப் போகணும்ல" என்றாள்.

மூன்று கடிதத்திலும் கெஞ்சினாய், அக்காவிடம் சொல்லாதீர்கள், மனசு கெட்டுவிடும், தாங்கமாட்டாள் என்று. அக்கா மேல் இவனுக்கு எவ்வளவு பாசம் என்று நான் கொஞ்சம் இளகிக்கூடப் போனேன். அவள் தாங்குவாளா என்பது உன் கவலையே இல்லை. நான் வாயைத் திறந்தால் அவளும் திறப்பாள், அதுதான் உன் பயம்.

படத்தை எடுத்ததை என்றைக்காவது மறந்துவிடுவேனாக இருக்கும். இதை எப்படி மறப்பது என்று தெரியவில்லை. பதில் எழுதினால் எழுது.


மார்ச் 13

அத்தானுக்கு,

சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. பட்டறை வாசலில் அக்கா வந்து நின்றாள். என் கையில் கத்தி இருந்தது, மேஜையில் வேறு ஏதோ புத்தகம். ஏண்டா எடுத்தே என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன்னால் உங்கள் பேர் வாயில் வந்துவிட்டது. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் உங்களைக் கேட்டுவிடுவாள், எல்லாம் உடைந்துவிடும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. நீங்கள் என்னைப் பார்த்தபோது பழையபடி சிரித்தீர்கள். கேட்கவே மாட்டாள் என்று புரிந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால்தான் என்மேல் எனக்கே அருவருப்பு வருகிறது. அதற்கப்புறம் நான் வரும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் உங்களைப் பார்ப்பாள். அதைப் பார்க்க முடியாமல்தான் ஊரை விட்டு வந்தேன். மகளுக்குத் துணையாக என்று சொன்னது சும்மா.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன். இனி எழுதவும் மாட்டேன். எனக்கு அக்கா என்று இருந்தவள் ஒருத்திதான்.


மார்ச் 17

மச்சான்,

நான் உனக்கு எழுதுவதாக இல்லை. உன் அக்கா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். இதை வீட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நீயும் இனி வீட்டு முகவரிக்கே எழுதலாம்.

நேற்று பதினான்கையும் சட்டத்திலிருந்து எடுத்து, டாக்சியில் வைத்து நூலகத்துக்குக் கொண்டுபோனோம். வாசலில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். நான் கையைப் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தானே படியேறினாள். அந்தச் சின்னப் பெண் நான்கு பாகங்களையும் கொண்டுவந்து வைத்தாள். உன் அக்கா ஒவ்வொரு படத்தையும் பட்டியல் பார்த்து அதனதன் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் வைத்து முடித்த பிறகு முதலிலிருந்து எண்ணினாள். வாய்விட்டு எண்ணினாள். மூன்று தடவை எண்ணினாள். அந்தப் பெண் இவளைப் பார்க்கிறாள், நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

நூலக இயக்குநர் நீ எழுதிக் கொடுத்ததைப் படித்தார். பழைய விசாரணைக் குறிப்பைத் திருத்தி எழுதுகிறோம், உங்கள் பேரில் தவறில்லை என்று கடிதம் கொடுக்கிறோம் என்றார். அவள் தலையை ஆட்டினாள். உள்ளட்டையில் தான் ஒட்டிய சீட்டை நகத்தால் மெல்லக் கிளப்பப் பார்த்தாள், அப்புறம் விட்டுவிட்டாள். படங்களை உறையில் போட்டு வைக்கிறோம் என்றார்கள், அதற்குத்தான் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. புத்தகத்தில் இருந்தது புத்தகத்தில்தான் இருக்க வேண்டும், தைக்க வேண்டும் என்றாள். நல்ல ஆளாகப் பார்த்து ஏற்பாடு செய்கிறோம் என்றார் இயக்குநர்.

"வேற ஆள் வேண்டாம். பிரிச்சவனே வந்து தைக்கட்டும்" என்றாள்.

இயக்குநர் ரொம்ப யோசித்தார். கடைசியில், அவர்கள் வாசிப்பு அறையிலேயே தைக்க வேண்டும், அவர்கள் ஆள் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார். வெளியே வந்ததும் நான் அவளிடம் சொன்னேன், உன் தம்பிக்குக் கை நடுங்குகிறது, டீ டம்ளரையே பிடிக்க முடியாதவன் ஊசியை எப்படிப் பிடிப்பான் என்று. நிஜமாகவே நடுங்குகிறதா, அதுவும் பொய்யா என்று கேட்டாள். கையெழுத்தைப் பார்த்தால் நிஜம்தான் என்றேன்.

"நடுங்கட்டும். ஊசியில நூலை நான் கோத்துத் தரேன். பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொண்ணா எண்ணணும் எனக்கு."

அவள் உன்னோடு பேசுவாளா என்று எனக்குத் தெரியாது. நான் பேசமாட்டேன். கூடத்துச் சுவரில் பதினான்கு இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. ஜன்னல் திரை காலையிலிருந்து திறந்தே கிடக்கிறது, வெயில் நேராக என் முகத்தில் அடிக்கிறது. மூடட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றாள்.

வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு நூலகம் திறக்கும். வீட்டுக்கு வராதே, நேரே அங்கே வா. ஊசியை நீ கொண்டுவர வேண்டும். நூல் அவள் வாங்கி வைத்துவிட்டாள்.